கூடுதலாக நாற்பத்தொன்று

வியாழக்கிழமை, காலை 9.10.

திருட்டு என்றால் ஏதாவது குறைந்திருக்க வேண்டும். இங்கே கூடியிருந்தது.

சல்லடை மறுபடியும் எண்ணச் சொன்னாள். கணினி முகம் சுளிக்காமல் மறுபடியும் எண்ணியது. விண்வெளியில் சுற்றும் தொலைநோக்கி தன் பங்குக்கு எண்ணிக் கீழே அனுப்பிய எண்ணிக்கை 2,18,304. நிலையத்தின் மூலக்கோப்பில் இருந்ததோ 2,18,345. நாற்பத்தொன்று அதிகம். வானத்திலிருந்து வராமலே கோப்புக்குள் வந்து உட்கார்ந்திருந்த நாற்பத்தொரு ஒளித்துகள்கள்.

சல்லடை என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. நிலையத்தின் சரிபார்ப்புப் பிரிவில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்து, மற்றவர்கள் கண்டுபிடித்ததை எல்லாம் சலித்துக் கல்லும் மண்ணும் பொறுக்கிக்கொண்டிருந்ததால் வந்த பெயர். வைத்தவர் பெரியக்கா. அந்தப் பெரியக்கா இறந்து இன்றோடு இருபத்தைந்து நாள். இந்தக் கோப்பு அவருடையது.

அந்தக் கோப்பில் என்ன இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு நட்சத்திரம் வெடித்தால் அதன் வாயு கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் நாலா பக்கமும் சிதறி ஓடும். அவ்வளவு சூடான வாயு எக்ஸ்ரே கதிராக ஒளிரும். பூமியின் காற்று அந்தக் கதிரைக் குடித்துவிடும் என்பதால், தரையில் நின்றுகொண்டு எத்தனை பெரிய கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தாலும் ஒன்றும் தெரியாது. தொலைநோக்கியைக் காற்றுக்கு மேலே அனுப்ப வேண்டும். அங்கேயும் கொட்டோ கொட்டென்று கொட்டாது. ஒவ்வொரு ஒளித்துகளாக வந்து விழும். எது எந்த இடத்தில், எந்த நொடியில், எவ்வளவு ஆற்றலோடு விழுந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதப்படும். அந்த வரிகளைச் சேர்த்தால்தான் படம்.

பெரியக்கா ஒரே ஒரு வெடித்த நட்சத்திரத்தை இருபத்தாறு வருடம் பார்த்தவர். அதன் புகை வளையம் வருடா வருடம் விரிவதை அளந்தவர். அதில் இரும்பு எங்கே, கந்தகம் எங்கே என்று கைரேகை மாதிரி சொல்வார். ஆனால் வெடித்த பிறகு நடுவில் மிஞ்சியிருக்க வேண்டிய கரு, ஓர் ஊரளவே உள்ள அந்தச் சின்ன நட்சத்திரம், அவர் கண்ணில் படவே இல்லை. கடைசியாக அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது தொலைநோக்கி நாலு நாள் தொடர்ந்து அதையே பார்த்தது. படம் தயாரானபோது நடுவில் ஒரு புள்ளி. அதை அவரிடம் காட்டினார்கள். ஆறு நாளில் அவர் போய்விட்டார்.

வரும் திங்கட்கிழமை அஞ்சலிக் கூட்டம். அதிலேயே கண்டுபிடிப்பை உலகத்துக்கு அறிவிப்பதாக ஏற்பாடு.

சல்லடை அந்த நாற்பத்தொன்றையும் கழித்துவிட்டுப் படத்தைப் போட்டுப் பார்த்தாள். நடுவில் புள்ளி இல்லை.

காலை 9.45.

மூலக்கோப்பு கடைசியாகத் திறந்து எழுதப்பட்ட நேரம் பதிவேட்டில் இருந்தது. நாலு நாள் பார்வை முடிந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, மாலை 4.40. எழுதிய கணினி, பெரியக்காவின் அறையில் இருப்பது. கடவுச்சொல் பெரியக்காவுடையது.

அந்த ஞாயிறு பெரியக்கா மூக்கில் குழாயோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார்.

காலை 10.15.

தொலைநோக்கி அனுப்புவதை வாங்கும் ஆண்டெனா நிலையத்துக்கு போன் செய்தாள். அங்கே இருப்பவருக்கு ரேடியோ என்று பெயர். தொழிலுக்காக வைத்தது இல்லை, வாய்க்காக வைத்தது.

"எண்ணிக்கை சரிதானா? 2,18,304?"

"அட்சரம் பிசகாம சரி. மேல இருக்கிற கவுன்ட்டர் சொன்னதை அப்படியே எழுதி வெச்சிருக்கேன். உங்க மென்பொருள் பக்கமே போகாத நம்பர் இது. யாராவது கேட்டாத்தான் எடுப்பேன், யாரும் கேக்கறதில்ல. இந்தத் தடவைதான் ரெண்டு பேர் கேட்டுட்டீங்க."

"ரெண்டு பேரா?"

"பெரியக்கா கேட்டாங்களே. ஆஸ்பத்திரியில இருந்து. செவ்வாய்க்கிழமை காலையில. படுத்துக்கிட்டும் வேலையாம்மான்னு கேட்டேன். தூக்கம் வரல, எண்ணிப் பார்க்கறேன்னாங்க." ரேடியோ கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருக்கு அது பெரிய விஷயம். "குரலே இல்ல, பாவம். காத்து மாதிரி வந்துச்சு."

வேலை செய்த உடம்பு சும்மா கிடக்காது என்று நினைத்துக்கொண்டு சல்லடை போனை வைத்தாள்.

காலை 11.00.

இயக்குநரின் மேஜையில் திங்கட்கிழமைக் கூட்டத்தின் அழைப்பிதழ்கள் அடுக்கியிருந்தன. மேல் அட்டையில் அந்தப் படம். நடுவில் அந்தப் புள்ளி.

"இந்தப் புள்ளி போலி, சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "யார் சொன்னது?"

"எண்ணிப் பார்த்தேன். யாரோ கையால சேர்த்திருக்காங்க."

"திங்கட்கிழமை அறிவிப்பு. பத்திரிகைக்காரங்க வர்றாங்க. இப்ப வந்து எண்ணிப் பார்த்தேன்கறீங்க."

"உங்க ஆபீஸ்ல இருந்துதானே சரிபார்க்கச் சொல்லி வந்துச்சு? காலையில வரிசையில முதல் வேலையா அதுதான் நின்னுச்சு."

"நான் அனுப்பலையே. நாலு நாள் இருக்கும்போது எனக்கு நானே குழி வெட்டிக்குவேனா?"

உதவியாளர் யாராவது அனுப்பியிருப்பார் என்று அவள் அதை அங்கேயே விட்டாள். கேட்க வேண்டியது வேறு இருந்தது.

"பெரியக்கா ரூம் சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"என் அலமாரியில ஒண்ணு. நிழல்கிட்ட ஒண்ணு. மூணாவது அவங்களோடதே, அது ஆஸ்பத்திரியில அவங்க பையில இருந்துச்சு."

"அந்த ஞாயித்துக்கிழமை நீங்க எங்க இருந்தீங்க?"

"என்மேலயா சந்தேகம்?"

"எல்லார்மேலயும்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த வருடத்தோடு தொலைநோக்கியை அணைத்துவிடலாமா என்று மேலிடம் யோசித்துக்கொண்டிருந்தது. இந்தப் புள்ளி இருந்தால் அணைக்க மாட்டார்கள். சந்தேகப்பட எல்லாரையும் விட நல்ல காரணம் தன்னிடம்தான் இருக்கிறது என்பது அவருக்கே தெரியும்.

"வெளியூர்ல கூட்டம். சாயங்காலம் ஏழு மணி ரயில்லதான் இறங்கினேன். அலமாரிச் சாவி என்கூடவே இருந்துச்சு. பத்துப் பேர் சாட்சி." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அவங்க அதைப் பார்த்துட்டுத்தான் கண்ணை மூடினாங்க. அதையாவது விட்டு வெக்கக் கூடாதா?"

"விட்டு வெச்சா, நாளைக்கு வேற யாராவது எண்ணுவாங்க. அப்ப பெரியக்கா பேர்தான் கெடும்."

அவர் அழைப்பிதழ்களைக் கவிழ்த்து வைத்தார். "சரி. திங்கட்கிழமைக்குள்ள யாருன்னு சொல்லுங்க."

பிற்பகல் 2.15.

நிழல் ஆறு வருடமாகப் பெரியக்காவோடு வேலை செய்த பெண். அவர் நடந்த இடமெல்லாம் கையில் நோட்டோடு பின்னால் நடந்து அந்தப் பெயரைச் சம்பாதித்தவள். கட்டுரையில் இரண்டாவது பெயர் அவளுடையது. புள்ளியை முதலில் பார்த்ததும் அவள்தான்.

விஷயத்தைச் சொன்னதும் அவள் தன்னைப் பற்றிக் கேட்கவில்லை. "அப்ப அக்கா பார்த்தது?" என்றாள். பிறகு அழுதாள்.

சல்லடை காத்திருந்தாள். அழுகை நடிப்பா என்று பார்ப்பதும் வேலையில் சேர்த்திதான். பார்த்தாள். இல்லை.

"ஞாயித்துக்கிழமை நாலு நாப்பதுக்கு நீ எங்க இருந்தே?"

"ஆஸ்பத்திரியில, மேடம். ரெண்டு மணியில இருந்து ஆறு வரைக்கும் நான்தான் அக்காகூட உக்காந்திருந்தேன். மாமா வீட்டுக்குப் போய் குளிச்சிட்டு, சட்டை மாத்திட்டு வரேன்னு போனாரு."

மாமா என்றால் பெரியக்காவின் கணவர். நிலையத்தில் மென்பொருள் எழுதி, போன வருடம் ஓய்வு பெற்றவர். 'ஒருத்தியைக் கட்டினேன், முந்நூறு பேருக்கு மாமா ஆயிட்டேன்' என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பவர்.

"நீ வெளியில எங்கயும் போகலையா?"

"இல்ல மேடம். நர்ஸ் ரெண்டு தடவை வந்து பார்த்தாங்க. கேட்டுப் பாருங்க."

"சாவி?"

அடையாள அட்டையோடு கோத்துக் கழுத்தில் தொங்கியதை எடுத்துக் காட்டினாள். "இதைக் கழட்டறதே இல்ல."

"மாமா எப்ப திரும்பி வந்தாரு?"

"ஆறு மணிக்கு. குளிக்கக்கூட இல்ல, பாவம். போன அதே கோடு போட்ட சட்டை. காலர்ல மருந்துக் கறை அப்படியே இருந்துச்சு. வீட்டுல கண்ணசந்துட்டேன்னாரு. அக்கா அந்தக் கறையைப் பார்த்துச் சிரிச்சாங்க."

சல்லடை எதைக் கேட்டாலும் நோட்டில் எழுதுபவள். அந்தச் சட்டையை அவள் எழுதவில்லை. பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள்.

வெள்ளிக்கிழமை, காலை 8.30.

அவளுக்கு நாற்பத்தொரு வரிகளும் மனப்பாடம் ஆகியிருந்தன. ஒரு பொய்யை எழுதியவரின் கை, எழுத்தில் எங்காவது தெரியும். எண்களாக இருந்தாலும் தெரியும்.

தொலைநோக்கி ஒரே இடத்தை வெறித்துப் பார்ப்பதில்லை. தொட்டில் மாதிரி மெதுவாக ஆடிக்கொண்டே பார்க்கும். ஒரே புள்ளியிலிருந்து வரும் ஒளியும் அதனால் உணர்கருவியின் முகத்தில் ஒரே இடத்தில் விழாது, ஊர்ந்துகொண்டே இருக்கும். அந்த முகத்தின் ஓரத்தில் ஆரம்பத்திலிருந்தே ஒரு பட்டை செத்துப்போனது. ஊர்ந்து ஊர்ந்து அந்தப் பட்டைக்கு வரும்போது எந்த ஒளித்துகளும் பதிவாகாது. பட்டையைத் தாண்டியதும் மறுபடி பதிவாகும். தெரியாதவன் போலி செய்தால் இதில்தான் மாட்டுவான்.

நாற்பத்தொன்றையும் ஊர்ந்த பாதையில் வைத்துப் பார்த்தாள். செத்த பட்டையில் ஒன்றுகூட இல்லை. போலியை வைத்தவர், தொலைநோக்கி எந்த நொடியில் எந்தப் பக்கம் ஆடியது என்று கணக்கிட்டு, பட்டைமேல் வரும் நேரங்களை எல்லாம் கவனமாக விட்டிருந்தார். இயக்குநருக்கு இது வராது. நிழல் செய்யலாம். செய்ய முடிந்தவர்கள் நிலையத்திலேயே நாலைந்து பேர்தான்.

பிறகு அவள் இன்னொரு பட்டையைத் தேடினாள்.

நாலு மாதம் முன்னால் மணலைவிடச் சின்னத் தூசி ஒன்று தொலைநோக்கிக்குள் பாய்ந்தது. உணர்கருவியில் இன்னொரு மெல்லிய பட்டை செத்தது. பழைய பட்டைக்கு நேர் எதிர் ஓரத்தில். முந்நூறு பேருக்கும் சுற்றறிக்கை போயிற்று. இயக்குநர் கையெழுத்துப் போட்டார். நிழல்தான் புதுப் பட்டையைக் கழிக்க மென்பொருளைத் திருத்தினாள்.

நாற்பத்தொன்றில் மூன்று அந்தப் புதுப் பட்டைமேல் விழுந்திருந்தன. செத்த இடத்தில் உயிரோடு மூன்று. படம் தயாராகும்போது மென்பொருள் அந்த மூன்றையும் தானாகவே கழித்துவிட்டதால் யார் கண்ணிலும் படவில்லை. மூலக்கோப்பில் மட்டும் இருந்தன.

பழைய பட்டையை நொடி பிசகாமல் தெரிந்தவர். புதுப் பட்டை இருப்பதே தெரியாதவர்.

சல்லடைக்கு அந்த வாரம் நன்றாக நினைவிருந்தது. தூசி இடித்த அதே வாரம்தான் பெரியக்காவின் ரிப்போர்ட் வந்தது. மாடிப்படியில் நின்று பெரியக்கா அவளிடம் சொன்னார். "வீட்டுல இனிமே தொலைநோக்கிப் பேச்சே வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். வேலையைப் பத்திப் பேச ஆரம்பிச்சா, அடுத்த வருஷம்னு ஒரு வார்த்தை வந்துடுது. அவர் முகத்தைப் பார்க்க முடியல."

முப்பது வருடம் சாப்பாட்டு மேஜையிலும் தொலைநோக்கியைத் தவிர வேறு எதையும் பேசாத இரண்டு பேர். தூசி இடித்ததைப் பெரியக்கா வீட்டில் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற மாமாவுக்குச் சுற்றறிக்கையும் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் பெரியக்காவின் பையில் இருந்த மூன்றாவது சாவியை எடுக்க யாருக்கும் அனுமதி கேட்கத் தேவையில்லாத ஆளும் அவர் ஒருவர்தான்.

மேலே எழுதித் தர ஒரு தாள் போதும். எழுத உட்கார்ந்தபோது, வழக்கப்படி முதல் வரியில் 'யார் கேட்டுக்கொண்டதன்பேரில்' என்று நிரப்ப வேண்டியிருந்தது. இயக்குநர் இல்லை என்றார். அவருடைய உதவியாளரைக் கேட்டாள். அவரும் இல்லை என்றார். வியாழக்கிழமை காலை வரிசையில் நின்ற அந்த வேண்டுகோளை அவள் அப்போதுதான் முழுதாகத் திறந்தாள். பதினெட்டு வருடமாக யாரும் எதுவும் எழுதாத 'குறிப்பு' என்ற கட்டம் வரைக்கும் கீழே இறங்கிப் படித்தாள்.

மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

சனிக்கிழமை, காலை 10.30.

கதவு திறந்தே இருந்தது. மாமா தரையில் உட்கார்ந்து மாத்திரை அட்டைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. பிரிக்காத அட்டையெல்லாம் தனியா எடுக்கறேன். ஆஸ்பத்திரியில திருப்பிக் கொடுத்தா யாருக்காவது ஆகும்."

அவளும் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு மூன்று அட்டைகளை எடுத்துத் தேதி பார்த்து அவர் பக்கம் தள்ளினாள். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வந்த எதுவும் வாயில் வரவில்லை.

"மாமா, டிடெக்டர்ல இன்னொரு பட்டை செத்துப்போச்சு. உங்களுக்குத் தெரியுமா?"

"எப்ப?"

"நாலு மாசம் ஆச்சு. தூசி இடிச்சு."

"எந்தப் பக்கம்?"

"பழைய பட்டைக்கு எதிர் ஓரம்."

அவர் கை நின்றது. மனசுக்குள் எதையோ ஆட்டிப் பார்ப்பது போலக் கண்ணை லேசாக மூடினார். திறந்தபோது அவள் சொல்ல வந்தது முழுவதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"எத்தனை விழுந்துச்சு?"

"மூணு."

"மூணு," என்றார். "அவ சொல்லவே இல்ல பாரு."

தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். அவர் பேச ஆரம்பித்தபோது குரலில் ஒளிக்கும் முயற்சியே இல்லை.

"சனிக்கிழமையே நான் அந்தக் கோப்பைப் பார்த்துட்டேன். அவ தூங்கும்போது, அவளோட டேப்லெட்ல. நடுவுல ஒண்ணும் இல்ல. இருபத்தாறு வருஷம், சல்லடை. டாக்டர் பதினஞ்சு நாள்னு சொல்லிட்டாரு. திங்கட்கிழமை படத்தைக் கொண்டுவருவாங்க, அவ அதைப் பார்த்துட்டு, 'சரி, இல்ல'ன்னு சொல்லிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பா. என்னால அதை நெனச்சுப் பார்க்க முடியல."

"அதனால ஞாயித்துக்கிழமை போனீங்க."

"குளிக்கத்தான் கிளம்பினேன். பாதி வழியில பஸ்ஸை விட்டு இறங்கிட்டேன்." அவர் ஒரு காலி அட்டையை விரலால் நெளித்தார். "ஒவ்வொண்ணுக்கும் ஒரு நேரம் போடணும். நிஜமா வர்ற மாதிரி ஒழுங்கே இல்லாம வரணும். சிலது பக்கத்துல பக்கத்துல, சிலது அஞ்சு மணி நேரம் தள்ளி. ரெண்டு மணி நேரம் ஆச்சு. அவளுக்கு ஒவ்வொண்ணா கையில கொடுக்கற மாதிரி இருந்துச்சு."

"கவுன்ட்டர் இருக்கே மாமா. மறந்துட்டீங்களா?"

"மறக்கல. சோதிக்கச் சொல்லி யாராவது எழுதிக் கொடுத்தாத்தான் அதைப் பார்ப்பாங்க. சந்தோஷமான சேதியை யார் சோதிக்கப் போறான்னு நெனச்சேன். அவ போனதும் நானே சொல்லிடணும்னுதான் இருந்தேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு ஓடிப்போச்சு. வர்றவங்க எல்லாரும் 'கடைசியில பார்த்துட்டாங்களே'ன்னு என் கையைப் பிடிச்சு அழறாங்க. எப்படிச் சொல்லுவேன்?" அவர் நிமிர்ந்தார். "தண்டனை எதுவா இருந்தாலும் சரி. அவ நம்பிட்டுப் போனா. எனக்கு அது போதும்."

சல்லடை கைப்பையிலிருந்து தாளை எடுத்தாள். கொடுக்காமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள். கொடுக்காமலே எழுந்து போய்விடலாம் என்றும் ஒரு கணம் தோன்றியது. அப்படிப் போனால் இவரிடம் கடைசிவரை ஒரு பொய் தங்கிவிடும். அதை வைத்துவிட்டுப் போகிறவள் அவளாக இருப்பாள்.

"இது சரிபார்க்கச் சொல்லி வந்த வேண்டுகோள், மாமா. நான் ஆபீஸ்ல இருந்து வந்துச்சுன்னு நெனச்சேன். அனுப்பினவங்க பேரைப் பார்க்கவே இல்ல. பதினெட்டு வருஷத்துல நான் பண்ணின பெரிய தப்பு அது."

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

அனுப்பியவர் பெயர் பெரியக்காவுடையது. அனுப்பிய நாள், படத்தைக் காட்டியதற்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை. ரேடியோவிடம் எண்ணிக்கை கேட்ட அதே காலை. உடனே செய்ய வேண்டிய வேலையாக அதை அனுப்பியிருக்கலாம். அவர் முப்பது நாள் தள்ளி வைத்திருந்தார். டாக்டர் சொன்ன கெடுவைப் போல இரண்டு மடங்கு. குறிப்புக் கட்டத்தில் இரண்டு வரி இருந்தது.

*சல்லடை, எனக்கு அப்புறம் பாரு. உன் மாமாகிட்ட மெதுவாச் சொல்லு.*

மாமா அதை இரண்டு தடவை படித்தார். தாளைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்து மூன்றாவது தடவை படித்தார்.

"எப்படித் தெரிஞ்சுதுன்னு எழுதலையே."

"இல்ல மாமா."

"என் மூஞ்சியைப் பார்த்திருப்பா. இல்லன்னா சட்டையை." தாளை மடியில் வைத்துக்கொண்டார். "படத்தைக் காட்டும்போது நிழலும் இருந்தா, நர்ஸும் இருந்தாங்க. அவ ரொம்ப நேரம் பார்த்துட்டு, 'எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கீங்க'ன்னா. எல்லாரையும் சேர்த்துச் சொல்றான்னு நெனச்சேன். நிழல்கூட, 'நாங்க என்னக்கா கஷ்டப்பட்டோம்'னா. அதுக்கு அவ பதிலே சொல்லல."

கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னைத்தான் சொல்லியிருக்கா. என்னை ஒருத்தனைத்தான்."

அவர் அழுவார் என்று சல்லடை எதிர்பார்த்தாள். அவர் மாத்திரை அட்டைகளை ஒழுங்குபடுத்தினார். ஒழுங்காக இருந்ததையே கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினார்.

"அந்த இடத்துல உண்மையா எத்தனை இருந்துச்சு?"

"ஒன்பது."

"புகையில இருந்தே எத்தனை வரணும்?"

"அதுவே ஒன்பது வரணும்."

"அப்ப இல்ல."

"இந்தத் தொலைநோக்கிக்குத் தெரியற அளவுக்கு இல்ல, மாமா."

"அதைத்தான் அவளும் சொல்லியிருப்பா. அதே வார்த்தை." அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "நான் அதையே சொல்லியிருக்கலாம். ஏத்துக்கிட்டிருப்பா, இல்லையா?"

மெதுவாகச் சொல்ல வேண்டிய இடம் அதுதான் என்று சல்லடைக்குத் தெரிந்தது. ஆனால் இல்லாததைச் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"ஏத்துக்கிட்டிருப்பாங்க, மாமா."

அப்போதுதான் அவர் அழுதார். அவள் பக்கத்திலேயே இருந்தாள். சமையலறையில் போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். அது ஆறிப்போனது. இன்னொரு தடவை போட்டாள். போகும்போது அவர் தன் கையால் எழுதிய ஒரு பக்கக் கடிதம் அவள் பையில் இருந்தது. திங்கட்கிழமை அவர் வர வேண்டிய அவசியம் இல்லை, கடிதமே போதும் என்று அவளே சொல்லிவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை, காலை 11.00.

அரங்கு நிறைந்திருந்தது. இயக்குநர் இரண்டே நிமிடம் பேசினார். நடுவில் கரு எதுவும் காணப்படவில்லை என்றும், முன்பு தயாரான படத்தில் வெளியிலிருந்து சேர்க்கப்பட்ட தரவு இருந்ததால் திரும்பப் பெறப்பட்டது என்றும், பிழையைக் கண்டுபிடித்தது இந்த நிலையமே என்றும் சொன்னார். யார் என்று சொல்லவில்லை. தொலைநோக்கியின் கதி என்ன என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார். தெரியாது என்றார்.

பிறகு நிழல் மேடைக்கு வந்தாள். பெரியக்காவின் பெயரை முதலில் போட்ட கட்டுரையைப் படிக்க ஆரம்பித்தாள். கருவைத் தேடிய கதை அதில் நாலு வரிதான். மீதியெல்லாம் பெரியக்கா இருபத்தாறு வருடமாக அளந்த வளையம்.

அவள் இரண்டாவது பக்கம் போகும்போது கடைசி வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். சலவைச் சட்டை போட்டு, தலை வாரி வந்திருந்தார். சல்லடை எழப்போனாள். அவர் கையால் அமர்த்தினார்.

"குறுக்க பேசறேன், மன்னிச்சுக்கணும். அந்தத் தரவைச் சேர்த்தது நான். நாப்பத்தொண்ணு. என் மனைவிக்குத் தெரியக் கூடாதுன்னு சேர்த்தேன்." அவர் முன்வரிசையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அவதான் கண்டுபிடிச்சா. படுத்த படுக்கையில, மறுநாளே. எல்லார் முன்னாலயும் என்னைக் காட்டிக் கொடுக்காம, பிறகு பார்த்துக்கச் சொல்லி எழுதி வெச்சிட்டுப் போனா. அவ பேர்ல ஒரு குறையும் கிடையாது. அதை நான் வந்து சொல்லணும்னு தோணுச்சு."

பத்திரிகைக்காரர்கள் எழுதவும் மறந்து திரும்பிப் பார்த்தார்கள். இயக்குநர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிழல் மேடையிலிருந்து, "உக்காருங்க மாமா," என்றாள். தாளைத் திருப்பினாள். விட்ட இடத்திலிருந்து படித்தாள்.

திரையில் படம் மாறியது. சிவப்பும் நீலமுமாக விரியும் பெரிய வளையம். இரும்பு ஒரு பக்கம், கந்தகம் ஒரு பக்கம். ஒவ்வொன்றும் எவ்வளவு வேகத்தில் விலகிப் போகிறது என்று நிழல் சொல்லிக்கொண்டே வந்தாள். நடுவில் ஒன்றும் இல்லை. சல்லடை பின்னால் போய் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் திரும்பவில்லை. கூட்டம் முடிந்து விளக்குப் போடும்வரை அவர் அந்தப் படத்தின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தார்.